சுவருக்கு எந்த ஷேடு?

திருப்பூரில் சாயம் ஏறி வந்த துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்துத்தான் ஷேடு பார்ப்பார்கள். பகல் வெளிச்சமான டி65-இல் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துண்டுகள், ஐரோப்பியக் கடை விளக்கான டிஎல்84-இல் தனித்தனியாகப் பல்லிளிக்கும். அந்தக் கண்ணோடு ‘ரீடெக்கர்’ ஆடுவது தனி ருசி. பின்லாந்தில் பிறந்த இந்த மொபைல் விளையாட்டில் சோபாவை நகர்த்த முடியாது. சுவர், தரை, திரைச்சீலை, மெத்தை என ஒவ்வொன்றுக்கும் துணியும் நிறமும் தேர்வதுதான் வேலை. மற்ற ஆட்டக்காரர்கள் இரண்டிரண்டு அறைகளாக ஒப்பிட்டு ஓட்டுப் போடுவார்கள்.

புதியவர்கள் எல்லாவற்றிலும் பூப்போட்டு விடுவார்கள். தேர்ந்த கை, திரைச்சீலையில் கோடு வந்துவிட்டால் சோபாவை வெறும் நிறத்தில் அடக்கி வைக்கும். அது வெல்வெட்டா, லினனா என்பதில் மட்டும் கொஞ்சம் குறும்பு காட்டும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே சுவருக்குப் போகும். நீலச் சுவர் நிழலில் சாம்பலாகிவிடும் அல்லவா?

எனக்கு ஓர் ஆசை: அந்தத் தரைகளில் ஒன்றிலாவது பக்கத்து ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமக்காளத்தை விரிக்க வேண்டும். அந்த அகலப் பட்டைகளுக்கு எதிரே எந்தச் சுவர் தாங்கும் என்று பார்க்கலாம். வெளிர் சந்தனம் தாங்கும் என்பது என் கட்சி.