காலை ரொட்டியின் யாத்திரை

வேளச்சேரிச் சாலையோரம், ராஜகீழ்ப்பாக்கத்து மளிகைக் கடை வாசலில் உதயத்திற்கு முன்பே வந்திறங்கும் ரொட்டித் தட்டுகளைக் காணுந்தோறும், கோதுமை அதிகம் விளையாத நம் பிரதேசத்திற்கு வடநாட்டுத் தானியம் ரயிலேறி வந்து, ஆலையில் மைதாவாகி, ஈஸ்ட்டினால் உப்பி, அடுப்பிலே பொன்னிறமேறி உருப்பெறும் விருத்தாந்தம் மனத்தில் விரிகிறது. சூடு தணியுமுன் அறுத்தால் நசுங்கும். சூட்டோடு உறையிலிட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஆதலின் பொறுமையே இத்தொழிலின் பிரதான லட்சணம். ஒருகாலத்தில் காய்ச்சல்காரரின் பத்தியமாயிருந்த இப்பண்டத்தைச் சாமானியர் இல்லங்களுக்கும் கொண்டுசெல்ல, 1965-இல் அரசாங்கமே மாடர்ன் பேக்கரிஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கியதும், 2000-இல் அது தனியார் வசமானதும் தேசத்தின் பொருளாதாரச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். சில தினங்களே ஆயுளுள்ள சரக்காதலால், விற்காத ரொட்டியே வியாபாரியின் நித்திய கவலை. தேவைக்கு மேல் வாங்காதீர்கள், வாங்கியதை வீணாக்காதீர்கள்.