அரியணையும் தறியும்

கானா நாட்டின் குமாசி நகரில் அஷாந்தி அரச மரபைக் காட்டும் பண்பாட்டுச் சுற்றுலாக்களின் நிரல் ஏறத்தாழ ஒன்றே: மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகம், பான்வைரே ஊரின் கென்டே தறிகள், என்டொன்சோவின் அதிங்க்ரா அச்சுத்துணி. அரசையும் கைவினையையும் இணைத்துக் காட்டும் இம்முறை பாராட்டத்தக்கதே. 19ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஆங்கிலேயர் கவர்ந்தவை உள்ளிட்ட 32 பொருட்கள் 2024இல் இலண்டனிலிருந்து அங்கு வந்தன, அதுவும் இரவலாக! உரியவருக்கே இரவல் தரும் இவ்வநீதியைப் பயணிகள் நேரில் காண்கின்றனர்.

எனினும், அக்கலைகள் அரண்மனைச் சுவர்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை என்ற எண்ணத்தை இத்தகைய சுற்றுலா விதைத்துவிடுகிறது. வரலாறு அவ்வாறன்று. 1720 முதல் 1750 வரை ஆண்ட ஒபோகு வாரே, ஐரோப்பியர் விற்ற பட்டுத்துணிகளை இழையிழையாகப் பிரித்து மீண்டும் நெய்வித்தார். 1817இல் குமாசி சென்ற பௌடிச், அரசவையில் செல்வாக்குடன் விளங்கிய முஸ்லிம்களையும், அரபு எழுத்துத் தாவீஸ்கள் தைத்த போர்ச்சட்டைகளையும் பதிவு செய்தார். தாவீஸின் மார்க்க நிலை வேறு விவாதம். அரபெழுத்து அவ்வரசின் போர்க்கோலத்தில் இடம்பெற்றிருந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

இவ்வரலாற்றின் மறுமுனை நமது வடசென்னையிலேயே உள்ளது. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலட், திருவொற்றியூரை அடுத்து நெசவாளரைக் குடியமர்த்தினார். காலட்பேட்டையே காலடிப்பேட்டை ஆயிற்று. சோழமண்டலக் கரையின் துணிகள் ஐரோப்பியத் துறைமுகங்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்கா சென்றன. அங்கே அவற்றைக் கொடுத்து அடிமைகளை வாங்கினர் என்ற கொடுமையையும் மறைத்தல் கூடாது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத்துணியை 'இஞ்சிரி' எனப் போற்றித் தம் சடங்குகளில் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

நெய்தவனின் ஊரோ நம்மிடையே மறதிக்குள்ளாயிற்று. 2021இல் திறக்கப்பட்ட காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்குவோரில் எத்தனை பேர் அப்பெயரை நெசவோடு இணைத்துப் பார்ப்பர்? கோட்டையையும் ஆளுநர் மாளிகைகளையும் காட்டுவதோடு மரபுச் சுற்றுலா நிறைவடையாது. குமாசியில் அரியணையைக் கண்டவர் தறியையும் காண்கிறார். இங்கும் கோட்டையைக் கண்டவர் காலடிப்பேட்டைக்கு வரவேண்டும். அத்துணி யார் கையில் பிறந்தது, எவருக்கு விலையாயிற்று என்னும் இரண்டையும் அவருக்குச் சொல்லுதல் வேண்டும். அதுவே நீதியான வரலாறு என நாம் கருதுகிறோம்.