எல்சியும் பாமாவும்

தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு மணி நேரம் சும்மா நின்று வேடிக்கை பாருங்கள். புத்தகத்தை இல்லை, அம்மா அப்பாக்களை. பிள்ளை கை நீட்டியதை வாங்கி, நடுவில் ரெண்டு பக்கம் புரட்டி, பின்னட்டையைப் பார்த்து, ‘இது வேணாம்டா கண்ணு’ என்று திரும்ப வைக்கிற அந்த இருபது விநாடியில் ஒரு முழு விமரிசனம் நடந்து முடிந்துவிடுகிறது. நான் இங்கே எழுதுவதைவிட அதற்குப் பலம் ஜாஸ்தி. நான் வேண்டாமென்றால் நாலு பிரதி குறைவாக விற்கும். அம்மா வேண்டாமென்றால் அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அப்படி ஒரு புத்தகமே எழுதப்படவில்லை.

இந்த வாரம் கிறிஸ்தவ வீடுகளின் அலமாரியைப் பார்க்கலாம். நீங்கள் வேறு மதம் என்றால் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கேள்விதான், சாமி பெயர்தான் வேறு. ‘பிள்ளை கெட்டுப்போகாத புத்தகம் எது?’

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிற குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுப் பள்ளி என்ற வார்த்தையே கிடையாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் பலர் இறங்குகிறார்கள். அங்கே வாத்தியாரும் அம்மா, லைப்ரரியனும் அம்மா, சென்சார் போர்டும் அம்மா. பெஞ்சுக்கடியில் கை மாறுகிற கிழிந்த காமிக்ஸ் கிடையாது. அம்மா தேர்ந்தெடுக்காத புத்தகம் வீட்டுக்குள் வர வழியே இல்லை.

அவர்களுடைய பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. செல்போனில் என்ன வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பயத்தில் எதை வாங்கிக் கொடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டாமா?

அமெரிக்காவில் வீட்டுப் பள்ளி நடத்தும் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே ரொம்ப மதிப்பாகப் புழங்கும் ஒரு பழைய கதை வரிசை இருக்கிறது. ‘எல்சி டின்ஸ்மோர்’. மார்த்தா ஃபின்லி என்ற அம்மையார் 1867-ல் தொடங்கி 28 புத்தகம் எழுதினார். இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்சி தங்கமான பெண். ஞாயிற்றுக்கிழமையில் பியானோவில் ஒரு சாதாரணப் பாட்டை வாசிக்கச் சொல்கிறார் அப்பா. ஓய்வுநாளில் அது தப்பு என்று மறுக்கிறாள். வாசிக்கிற வரை அங்கேயே உட்கார் என்கிறார். மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து, மயங்கி விழுந்து, மண்டையில் ரத்தம். முத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் ஜெபம். இருபது விநாடிப் பரீட்சையில் முதல் ரேங்க்.

அந்த வீட்டில் சமைப்பது யார்? எல்சிக்குத் தலை வாரிவிடுவது யார்? அடிமைகள். கதை நடப்பது அடிமைகளை வைத்துப் பிழைத்த அமெரிக்கத் தெற்கில். மனுஷனை மனுஷன் விலைக்கு வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்காக ரத்தம் சிந்துகிற சிறுமிக்கு அது உறுத்தவே இல்லை. ஆசிரியைக்கும் பெரிசாக உறுத்தவில்லை. பிற்காலத்தில் திருத்திய பதிப்புகள் வந்தன. அந்தச் சங்கடம் எங்கே போகும்? இதைப் படிக்கிற குழந்தை, பக்தியும் அடிமையும் ஒரே வீட்டில் சௌக்கியமாக இருக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. யாரும் சொல்லித் தராமலே.

நம் ஊரில் மொழிபெயர்ப்பாக வரும் மெல்லிசு நீதிக்கதைப் புத்தகங்கள் இவ்வளவு ஆபத்தானவை இல்லை. போர் அடிப்பவை, அவ்வளவுதான். ஜானி பொய் சொல்வான். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். மதுரையில் பனிக்கட்டி பார்க்கவேண்டுமானால் ஐஸ் ஃபேக்டரிக்குத்தான் போகவேண்டும். எட்டாம் பக்கத்தில் ஜானிக்குக் காய்ச்சல், பத்தாம் பக்கத்தில் மனம் திரும்புதல். தமிழ் எழுத்து இருக்கும், தமிழ் இருக்காது. பாதியில் நிறுத்தி ‘அடுத்து என்னடா ஆகும்?’ என்று பையனைக் கேளுங்கள். மூன்று தடவையும் சரியாகச் சொல்லிவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம்.

வேண்டாம் என்று ஒதுக்கும் பட்டியலும் விசித்திரமானது. சூனியம் இருக்கிறதென்று ஹாரி பாட்டருக்குத் தடை. 2007-ல் வந்த கடைசிப் புத்தகத்தில் ஹாரி தன் அப்பா அம்மா கல்லறையைத் தேடிப் போகிறான். கல்லில் செதுக்கியிருப்பது கொரிந்தியர் முதல் நிருபம் 15-ம் அதிகாரத்து வசனம். தடை போட்டவர்கள் அதுவரை படித்திருக்க வாய்ப்பில்லை.

தாராளமாக அனுமதிக்கப்படுவது ஜான் பனியனின் ‘மோட்ச பிரயாணம்’. எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம். 1678-ல் வந்தது. ராட்சதன் உண்டு, அப்பொல்லியோனோடு வாள் சண்டை உண்டு, சந்தையில் ஒரு நல்லவனை உயிரோடு கொளுத்துவது உண்டு. அதைவிட, ஆரம்பத்தில் கதாநாயகன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்! குடும்பத்துக்கு ஏற்ற புத்தகம் என்று நூற்றாண்டுகளாக நாம் கொடுத்துவருவது, குடும்பத்தை விட்டு ஓடியவனின் கதை. பனியனுக்கே உறுத்தியிருக்கவேண்டும். 1684-ல் இரண்டாம் பாகம் எழுதி, அந்த மனைவியையும் நாலு பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக் கூட்டிப்போனார். பைபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். நியாயாதிபதிகள் 19-ம் அதிகாரத்தைப் பெயர் மாற்றிக் கொடுத்தால் எந்தச் சபைப் புத்தகக் கடையும் விற்காது.

ஆக, பொல்லாங்கு இருக்கிறதா என்று தேடுவது உதவாது. பொல்லாங்கை என்னவென்று சொல்கிறது, எதைப் பார்த்தும் பேசாமல் போகிறது என்று பார்க்கவேண்டும். இதற்கு இருபது விநாடி போதாது. முதலில் நீங்கள் படிக்கவேண்டும். வேறு வழி இல்லை, ஸாரி.

இதில் எனக்குப் புரியாத விஷயம், இவ்வளவு தூரம் அமெரிக்காவைப் பார்ப்பவர்கள் தங்கள் தாத்தாக்களின் அலமாரியைத் திறக்காததுதான். மதுரை மிஷனுக்கு வந்த இத்தாலிக்காரப் பாதிரியார் வீரமாமுனிவர், 1726-ல் சூசையப்பர்மேல் ‘தேம்பாவணி’ என்று 3615 பாட்டில் காவியம் பாடியவர். அதே கைதான் ‘பரமார்த்த குருவின் கதை’யையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அஞ்சு சீஷர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்ப்பதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவதும் ஏழு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். 1822-ல் லண்டனில் அச்சானது. கடைசியில் நீதி என்று ஒரு வரி கிடையாது. பாதிரியாருக்கே தேவைப்படவில்லை பாருங்கள்.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) அவருடையது. அதில் ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ராஜாவாக உட்கார்ந்து ஆட்சி நடத்துகிறாள். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் எல்சிக்குப் பதில் அவளை விடுங்கள். நடை பழசு, நடுநடுவே உபதேசம் நீளும். நானே அங்கங்கே பக்கம் தள்ளியிருக்கிறேன், பாவமில்லை.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை விஷயம் இன்னும் ருசி. நெல்லைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம், 1858-ல் ஞானஸ்நானம். பனியனின் அதே கதையைத் தமிழில் 3700-க்கும் மேற்பட்ட விருத்தங்களாக ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று 1894-ல் வெளியிட்டார். அவருக்கு ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று பேர். ஏன்? கம்பராமாயணம் அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஞானஸ்நானத்தன்று அதை எடுத்து அடுப்பில் போட்டிருந்தால் இந்தக் காவியம் பிறந்திருக்காது. இன்றைக்கு அவருடைய புத்தகத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, பிள்ளை கம்பனைத் தொட்டால் ‘அது நமக்கில்லை’ என்கிறவர்களை என்ன சொல்ல!

மதுரையில் இது வெறும் இலக்கியப் பிரச்னையும் இல்லை. டவுன் பஸ்ஸில் போகிற கிறிஸ்தவப் பையன், ‘புட்டுத்தோப்புன்னு ஏம்மா பேரு?’ என்று கேட்பான். பதில் சொல்லவேண்டாமா? கிழவி வந்தியின் புட்டுக்காகக் கடவுள் கூலியாளாக வந்து மண் சுமந்தார், பிரம்படி பட்டார், அந்த அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது. இதைக் கேட்டு ஒரு கிறிஸ்தவப் பிள்ளையின் விசுவாசம் கெட்டுப்போகும் என்கிறீர்களா? அடிபடுகிற கடவுளை அதற்கு ஏற்கெனவே தெரியுமே.

மதுரையிலேயே அச்சான இன்னொரு புத்தகம். பாமாவின் ‘கருக்கு’. 1992-ல் மதுரை சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்டது. எழுதியவர் கத்தோலிக்கர், தலித், கன்னியாஸ்திரீயாக இருந்து மடத்தைவிட்டு வெளியே வந்தவர். பேச்சுத் தமிழிலேயே எழுதியது. வசவும் வரும், பசியும் வரும், விளையாட்டும் சிரிப்பும் வரும். மூன்றாவது படிக்கிற சின்னப் பெண், தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் ஏந்தாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாள். சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவர் தொட்டால் பொட்டலம் தீட்டு, அதனால்தான் நூல் என்று அண்ணன் சொல்கிறான். சிரிப்பு நின்றுபோகிறது.

அந்த ஒரு காட்சியை எல்சியின் 28 புத்தகத்தோடு தராசில் வையுங்கள். எல்சி பார்த்தும் பார்க்காததை இந்தச் சிறுமி பார்த்துவிட்டாள். பாமா சபையையும் விடுவதில்லை. மடத்துக்குள் சாதி எப்படிப் புழங்கியது என்று எழுதுகிறார். அதனால்தான் பல கிறிஸ்தவ வீடுகளில் இதற்கு இடமில்லை என்று நினைக்கிறேன். ‘பிள்ளைகள் மனசு கசந்துபோகும்’ என்பார்கள். பொட்டலத்தை நூலில் தூக்கியவரின் பேரனும் அதே சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அதே பாட்டைத்தான் பாடுகிறான். அவன் மனசு?

பத்து வயசில் கொடுக்கச் சொல்லவில்லை. பதினாலு, பதினைந்தில் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் கூட உட்காருங்கள். பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். ‘கருக்கு’ இன்னும் அச்சில் கிடைக்கிறது. பரமார்த்த குரு மெல்லிசுப் பதிப்புகளாக எங்கும் கிடைப்பார், படம் நன்றாக இருப்பதாகப் பார்த்து வாங்கவும். காசில்லாவிட்டால் நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வேதநாயகம் பிள்ளைக்கு ‘மதுரைத் திட்டம்’ போதும். 1998-லிருந்து பழைய தமிழ் நூல்களை இலவசமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவருகிறார்கள், ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் அதில் இருக்கிறது. தாத்தாவுக்குக் காட்டுவதென்றால் எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் காட்டுங்கள்.