இன்னும் ஒண்டும் இல்லையா? – எமது புனைகதையில் பிள்ளைப்பேறு பற்றிச் சில குறிப்புகள்

எமது நாவல் வரலாறு ஒரு குழந்தை களவு போவதோடு தொடங்குகிறது. 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திர'த்தில் அசன் கைக்குழந்தையாகவே கடத்தப்படுகிறான். பெற்றோரிடம் அவன் திரும்பச் சேர்வதுதான் கதையின் நீண்ட பயணம். அதற்குப் பிந்திய நூற்றுநாற்பது வருடங்களில் எமது கதைகளில் குழந்தைகள் தொலைந்திருக்கின்றன, நோயில் இறந்திருக்கின்றன, கடலோடு போயிருக்கின்றன, பிறக்காமலே இருந்து தாய்மாரை அழவைத்திருக்கின்றன. பிள்ளை பெறுவதா வேண்டாமா, இப்போதா பிறகா என்று ஒரு புருஷனும் பெண்சாதியும் முகம் பார்த்துப் பேசுகிற ஒரு பக்கத்தைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிழக்கிலங்கை முஸ்லிம் சிறுகதைகளைத் தொகுதிகளிலும் சஞ்சிகைகளிலும், போட்டிகளுக்கு வந்து பரணில் கிடக்கும் கையெழுத்துப் பிரதிகளிலுமாக ஓரளவு வாசித்தவள் என்ற வகையில் சொல்கிறேன். பிள்ளைப்பேறு பற்றிய கதை எம்மிடம் பெரும்பாலும் மூன்று அச்சுகளில் வார்க்கப்படுகிறது. முதலாவது, பிள்ளையில்லாதவள் கதை. மாமி குத்திப் பேசுவாள், புருஷன் இரண்டாம் கலியாணத்துக்குச் சம்மதிப்பான், சில கதைகளில் அவளே பெண் பார்த்தும் கொடுப்பாள். கடைசிப் பந்தியில் அவளுக்கு வாந்தி வரும். இரண்டாவது, ஏழு பிள்ளைகளோடு அடுப்பூத முடியாத ஏழைத் தாயின் கதை. எழுத்தாளர் அவள்மீது நிறைய இரக்கம் காட்டுவார். அந்த ஏழில் எத்தனையை அவள் விரும்பினாள் என்று மட்டும் அவளிடம் கேட்கமாட்டார். மூன்றாவது அண்மைக்காலத்தது. எம்மைக் குறைக்கப் பார்க்கிறார்கள், ஆகவே பெற்றுப் பெருகுவோம் என்கிற கதை. முதலிரண்டும் பலவீனமான கதைகள். மூன்றாவது கதையே அல்ல, மேடைப் பேச்சு.

இந்த அச்சுகளுக்கு வெளியே பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலை முக்கியமாகக் கருதுகிறேன். அந்நாவல் எம்மிடையே கருத்துச் சுதந்திரம் பற்றிய விவாதமாகவே வந்து சேர்ந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு எழுந்தது, 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார், 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நாவலுக்குள் இருக்கும் கதையை வாசித்தவர்கள் அதைவிடக் குறைவென்றே நினைக்கிறேன்.

காளியும் பொன்னாவும் கலியாணமாகிப் பன்னிரண்டு வருடங்களாகப் பிள்ளையற்றவர்கள். அவர்களிடையே ஆசைக்குக் குறைவில்லை, அன்புக்குக் குறைவில்லை. தொண்டுப்பட்டியில் மாடு ஆடுகளோடு அவர்களை விட்டுவிட்டால் இருவரும் சந்தோஷமாகவே செத்துப்போயிருப்பார்கள். விடவில்லை. ஊர் பேசியது, உறவு பேசியது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்கு அவளை அனுப்புவதென்று இரு வீட்டாரும் முடிவெடுத்தார்கள். காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் சொல்லப்படுகிறது. காளியை அவளது அண்ணன் முத்து குடிக்க அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். கோயிலும் சாதியும் அவதூறும் என்று பேசியவர்கள் கவனியாமல் விட்டது இந்த இடத்தைத்தான். அவ்விருவரின் வாழ்வில் ஆகப் பெரிய முடிவு இருவரையும் கேளாமலே எடுக்கப்படுகிறது. ஒருத்தியிடம் பொய் சொல்லி, மற்றவனை அப்புறப்படுத்தி.

நாவலில் எனக்கொரு குறையும் உண்டு. பொன்னாவின் விருப்பம் எது, ஊரின் விருப்பம் எது என்று பிரித்துக்காட்ட நாவலாசிரியர் முயலவில்லை. அவளுக்குள் ஊர் புகுந்து வெகுகாலமாகிவிட்டது, அவள் அழுவது தனக்காகவா ஊருக்காகவா என்று அவளுக்கே தெரியாது என்று வாதிடலாம். சுதந்திரத்துக்கு முந்திய ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அந்த வாதம் பொருந்தும். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு ஆசிரிய நியமனத்தோடு வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகப் போய்வருகிற இன்றைய நிந்தவூர்ப் பெண்ணுக்கு அது போதாது.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) எமக்கு இன்னும் கிட்டியது. ஆண்கள் இல்லாத முற்றத்தில் பெண்கள் உடம்பைப் பற்றிப் பேசுகிற தொனியை, அந்தச் சிரிப்பை, திடீரென்று தாழும் குரலை அவரளவுக்குப் பதிவு செய்தவர் தமிழில் வேறு எவர்? ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதியை ராபியா என்கிற சிறுமி ஒட்டுக்கேட்கிறாள். ஒட்டுக்கேட்கும் பிள்ளைக்கு நடந்தது தெரியும், நடந்ததன் முன்னே இருந்த யோசனை தெரியாது. சாய்ந்தமருது அனாரின் 'எனக்குக் கவிதை முகம்' (2007) தொகுப்பிலுள்ள 'மேலும் சில இரத்தக் குறிப்புகள்' மாதவிடாயின் இரத்தத்திலிருந்து போரின் இரத்தம் வரை நடந்துபோகிறது. அக்கவிதை வந்தபோது எம்மில் சிலர் முகம் சுளித்ததையும் மறக்கமுடியாது. எமது சிறுகதை இன்னும் அந்தத் துணிவை எட்டவில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், எமது ஊர்களில் இந்த முடிவு நாளாந்தம் எடுக்கப்படுகிறது. மூத்தம்மாமார் எட்டும் பத்தும் பெற்ற வீடுகளில் இன்று இரண்டு, மூன்று. எம்.ஓ.எச். கிளினிக்கில் ஊசி போட வருகிறவர்களும் லூப் வைக்க வருகிறவர்களும் வேற்றுக்கிரகத்துப் பெண்களல்லர். கிளினிக் வாங்கில் இருந்து சத்தமில்லாமல் பேசப்படுகிற எத்தனையோ கதைகள் சஞ்சிகையின் வாசலுக்கு வந்ததும் ஊமையாகிவிடுகின்றன. ஆகவே இந்த மௌனத்துக்கு ஊரைக் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. எழுதுகிறவர்களின் மௌனம் இது.

எமது பிரதேசத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. கலியாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. பெண்பிள்ளை ஒன்று என்றால் வீடு ஒன்று. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளும் எப்படி இந்தச் சீதனக் கணக்குக்குள் வந்து விழுந்தன என்று எழுதியிருக்கிறார். மூன்றாவதும் பெண் என்றதும் வாப்பா கட்டாருக்கு விசா தேடுகிறார். 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற பிறகு சீமெந்து விற்ற விலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இளம் தம்பதிகள் எத்தனை பேர்! முதலாவது குழந்தைக்கு முன்னரே மூன்றாவது வீட்டை யோசிக்கிற ஒருவனைப் பற்றி ஒரு நல்ல கதைக்காரர் இருபது பக்கம் எழுதலாம். நகைச்சுவையாகவும் எழுதலாம்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலியாணமாகி ஆறு வருடம். அவர் தோஹாவில், இரண்டு வருடத்துக்கொரு விடுமுறை. நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் துணியவில்லை. கலியாண வீடுகளில் பக்கத்தில் வந்திருக்கிற சாச்சிமார் கேட்பார்கள்: "புள்ள, இன்னும் ஒண்டும் இல்லையா?" நான் வாய் திறக்குமுன் மாமி சொல்லிவிடுவார்: "அல்லாஹ் தருவான்." மாமிக்கு என்மேல் இரக்கம், அதனால்தான் முந்திக்கொள்கிறார். இந்த இரண்டு வசனங்களையும் ஒரு விமர்சகியாகவே பலமுறை யோசித்திருக்கிறேன். கேள்வியிலும் நான் இல்லை, விடையிலும் நான் இல்லை. எமது சிறுகதைகளின் இலக்கணமும் இதுதான்.

நான் வாசித்த மூன்றாவது வகைக் கதைகளில் பெரும்பாலானவை ஒரு வதந்திக்குப் பதிலாக எழுதப்பட்டவை. 2018 பெப்ரவரி 26 இரவு, எங்களுக்கு மேற்கே வயல்வெளி கடந்து வரும் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை தாக்கப்பட்டது. சாப்பாட்டில் கிடந்த ஒரு மாக்கட்டி மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்றார்கள். பள்ளிவாசலும் தப்பவில்லை. அது வெறும் மாவுப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை தந்தார். 2019 மே மாதம் குருநாகல் வைத்தியசாலையின் டாக்டர் ஷாபி, ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகை எழுதியதையடுத்துக் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குச் சொன்ன பிறகும் அந்தக் கதை உலவியது. இந்த நாட்டில் அந்த ஆண்டுகளில் ஆகக்கூடுதலாக வாசிக்கப்பட்ட புனைகதை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பதிலெழுதப் புறப்பட்ட எமது கதைகள் செய்தது என்ன? அந்த வதந்தியின் கதாபாத்திர அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டன. அங்கும் பெண் ஓர் எண்ணிக்கை, இங்கும் எண்ணிக்கை. அவர்கள் எமது கருப்பையைப் பார்த்துப் பயந்தார்கள். நாங்கள் அதையே காட்டி நெஞ்சு நிமிர்த்தினோம். 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு சிசுவின் ஜனாஸா பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் எரிக்கப்பட்டது. கனத்தை மயான வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்த வாரங்களில் வயிற்றில் பிள்ளையோடு செய்தி கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? இந்த நாட்டுக்கா இதைப் பெறப்போகிறேன் என்று ஒருத்திக்குத் தோன்றியிருந்தால் அது துரோகமா? அந்தச் சிசுவைப் பற்றிக் கவிதைகள் வந்தன, உருக்கமானவையும் சில. அந்தக் கேள்வியை அவை தொடவில்லை.

இவ்வளவும் எழுதினால், இதெல்லாம் மேற்கத்திய பெண்ணிலைவாதம், எமது மரபில் இடமில்லை என்று ஒரு கடிதம் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நபித்தோழர்கள் 'அஸ்ல்' செய்ததும் அது தடுக்கப்படாததும் ஹதீஸ் நூல்களில் உண்டு. மனைவியின் சம்மதமின்றி அதைச் செய்யலாகாது என்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் நிபந்தனை வைத்தார்கள். அதாவது இருவரும் பேசவேண்டும். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வின் திருமணம் பற்றிய பகுதியில் நோக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். மனைவியின் உயிரையும் அழகையும் காப்பதற்காகவா, பிள்ளைகள் பெருகிச் சிரமம் வரும் என்பதற்காகவா, அவை குற்றமில்லை என்கிறார். பெண்பிள்ளை பிறந்துவிடுமோ என்ற பயத்தினால் என்றால் அது கெட்ட நோக்கம் என்கிறார். எங்கள் வீட்டுக் கணக்குக்காரர்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கவேண்டும். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அதீத சுத்தம் பார்த்துப் பிள்ளைப்பேற்றை மறுக்கும் பெண்ணை இமாம் ஏற்கவில்லை. அவர் எம் காலத்துக்காரர் அல்லர். ஆனால் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை யோசனைக்குரிய விடயமாக எடுத்து ஒரு மனிதர் அமர்ந்து எழுதியிருக்கிறார். எமது கதைகள் அந்த இடத்துக்குக்கூட வரவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சகோதரியின் மகனின் பெயரால் அவர்கள் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அழைக்கப்பட்டார்கள். ஸூறத்துஷ் ஷூறாவின் ஐம்பதாவது வசனம் பிள்ளைப்பேறற்றவர்களைப் பெண்மக்கள், ஆண்மக்கள் வழங்கப்பட்டவர்களோடு ஒரே வரிசையில், ஒரு பழியுமில்லாமல் குறிப்பிடுகிறது. அந்தச் சொல்லை எமது மொழிக்குக் கொண்டுவரும்போது நாங்கள் எடுத்துக்கொண்டது 'மலடு' என்கிற வசைச் சொல்லை. ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்சினையிலிருந்தே நல்லதொரு விமர்சனம் பிறக்கலாம். மௌலவிமார் எவராவது எழுதினால் நான் முதல் வாசகி.

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26க்குப் பின், தமிழ்நாட்டில் குடும்பக்கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்திருந்து பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மாருக்கு, அதை மீளமைக்கும் சத்திரசிகிச்சையை அரசு இலவசமாகச் செய்தது. நாகப்பட்டினம் பகுதிப் பெண்கள் பலர் போனார்கள். முடிந்துபோன முடிவொன்றைத் திரும்பத் திறந்த அப்பெண்களின் மனதில் என்ன இருந்தது? ஒரு பிள்ளைக்குப் பதிலாக இன்னொன்றா, புருஷனின் நெருக்குதலா, வெறுமையா? நாட்டிலேயே ஆகக்கூடுதலான உயிர்கள் போன மாவட்டம் எங்களுடையது. இந்தக் கரையிலும் 2005க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சிலருக்குக் கடலில் போன ராத்தாவின், காக்காவின் பெயரையே வைத்தார்கள். சுனாமி பற்றி எம்மவர் எழுதிய கதைகளில் அலை உண்டு, ஜனாஸா உண்டு, நிவாரண ஊழல் தாராளமாக உண்டு. அந்தப் பெயரை வைப்பதற்கு முந்திய இரவு இல்லை. எங்கள் தெருவிலும் அப்படியொருத்தி இருக்கிறாள். இருபது வயது. ராத்தாவின் பெயர், ராத்தாவுக்கென்று ஒதுக்கியிருந்த வளவு. போன மாதம் அந்த வளவில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள்.