சிகாகோவில் சாயங்கால இறையியல்

என் கைக்காசைப் போட்டு நான் செய்த காரியங்களிலேயே உருப்படியானது எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, கத்தோலிக்க இறையியலும் மேய்ப்புப்பணியும் முதுகலையாகப் படித்ததுதான். வீடு வாங்கியதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதியும் சொல்கிறேன்.

சொந்த ஊர் தூத்துக்குடி. பனிமய மாதா கோவில் மணியோசை கேட்டு வளர்ந்தவள். இப்போது சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறோம். நகரத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிறுதோறும் எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பேன். ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: தொடக்க நூல் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர் வருகிறார்கள், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு விலங்குகள் வருகின்றன, இதில் எது சரி? அந்தப் பிள்ளைக்கு மழுப்பாத ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தேடப் போய்த்தான் இந்தப் படிப்பு கிடைத்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏளா, சாமியார் படிக்கிற படிப்பு உனக்கு எதுக்கு?"

"சாமியாருக்கு மட்டும்னு எங்கயும் எழுதலையேம்மா."

எழுதியிருப்பது நேர் எதிராகத்தான் என்பது பிறகு தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் படித்தது ஹைட் பார்க்கில் இருக்கும் கேத்தலிக் தியாலஜிக்கல் யூனியனில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த கையோடு, ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தனித்தனிக் குருமடங்கள் நடத்திவந்த துறவற சபைகள் சில, இனி நகரத்துக்கு நடுவில், ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், சேர்ந்து படிப்போம் என்று முடிவெடுத்தன. பிரான்சிஸ்கன், பாசனிஸ்ட், செர்வைட் ஆகிய மூன்று சபைகள் 1968-இல் இதைத் தொடங்கின. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட சபைகள் தங்கள் மாணவர்களை இங்கே அனுப்பின. கன்னியரும் பொதுநிலையினரும் அவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அகுஸ்தீன் சபை மாணவராக இங்கே படித்து 1982-இல் பட்டம் வாங்கிய ராபர்ட் பிரிவோஸ்ட்தான் 2025 மே 8 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவாக மாடத்தில் வந்து நின்றவர். அவர் முதலில் பட்டம் வாங்கியது கணிதத்தில் என்பது, கணக்கோடு பிழைப்பு நடத்தும் எனக்குத் தனிச் சந்தோஷம்.

வேலை முடிந்ததும் மெட்ரா எலெக்ட்ரிக் ரயில் ஏறுவேன். ஏரிக்கரையை ஒட்டிப் போகும் அந்தப் பயணத்தில்தான் அன்றைய பாடத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்து முடிப்பது. வகுப்பில் என் இடப்பக்கம் ஒரு வியட்நாமியக் குருமாணவர், வலப்பக்கம் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மா, எதிரே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு கன்னியர். பாட்டி, துறவி, கணக்குப்பிள்ளை மூவரும் ஒரே திருமடலுக்கு மூன்று விளக்கம் சொல்லி, மூன்றுக்கும் ஆதாரம் காட்டச் சொல்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

முதலில் எடுத்தது பழைய ஏற்பாடு. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943-இல் வெளியிட்ட சுற்றுமடல் ஒன்று கத்தோலிக்க அறிஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. விவிலிய நூல்கள் எந்தக் காலத்தில், எந்த இலக்கிய வகையில் எழுதப்பட்டன என்று ஆராயுங்கள் என்று அது ஊக்கப்படுத்தியது. அந்த ஆராய்ச்சியின் வழியாகத் தொடக்க நூலுக்குள் போனால், படைப்புக் கதை இரண்டு. அவை எழுந்த சூழலும் சொல்ல வந்த விஷயமும் வேறு வேறு. இரண்டையும் தொகுத்தவர்கள் தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். என் மறைக்கல்விப் பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த ஞாயிறு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ஆனால் என்னை ஆட்டி வைத்தது திருப்பாடல்கள். நூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. வால்டர் புரூகமன் என்ற பிரொட்டஸ்டண்ட் அறிஞர் 1984-இல் எழுதிய நூலில் திருப்பாடல்களை மூன்றாகப் பிரிக்கிறார்: வாழ்க்கை ஒழுங்காக இருக்கும்போது பாடுவது, அது குலைந்துபோகும்போது பாடுவது, எதிர்பாராமல் புது ஒழுங்கு பிறக்கும்போது பாடுவது. இவற்றில் 88-ஆம் திருப்பாடல் கடைசிவரை ஆறுதலே சொல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் இறைவேண்டல் என்று ஒரு மக்கள் காத்து வைத்திருக்கிறார்கள்! அதை வாசித்த இரவில் எனக்கு எங்கள் ஆச்சி ஒப்பாரி வைத்தது நினைவுக்கு வந்தது. செத்தவரைத் திட்டி, சாமியைத் திட்டி, மார்பில் அடித்துக்கொண்டு பாடுவாள். கோவிலுக்குள் அதற்கு இடம் இருந்ததில்லை. புலம்பல் திருப்பாடல்களையும் எங்கள் கடற்கரை ஒப்பாரியையும் பக்கத்தில் வைத்துப் பருவக் கட்டுரை எழுதினேன்: கடவுளை நேராக விளிப்பது, குறையைச் சொல்வது, ஏன் என்று கேட்பது, பழைய நன்மைகளை நினைவூட்டுவது என்று அடிக்கு அடி ஒப்பிட்டேன். பேராசிரியர் திருத்தித் தந்த பிரதியின் ஓரமெல்லாம் கேள்விகள்: பாடுவது பெண்கள் மட்டும்தானா, மற்றவர்கள் பதில் பாடுவார்களா, இன்னும் எழுது, இன்னும் எழுது. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சியின் குரல் ஒரு முதுகலை வகுப்பில் பாடமாக நின்றது. இதற்கு மேல் ஒரு படிப்பு என்ன தர வேண்டும்?

இந்தப் பள்ளியின் பெருமையே இதுதான் என்பேன். இங்கே நெடுங்காலம் பாடம் நடத்திய இறைவார்த்தை சபைக் குரு ஸ்டீபன் பெவன்ஸ் 1992-இல் எழுதிய நூல், ஒரு மண்ணில் இறையியல் வேர்விடும் வழிகளை மாதிரி மாதிரியாகப் பிரித்துக் காட்டுகிறது. நற்செய்தியின் சாரத்தை வைத்துக்கொண்டு சொல்லும் முறையை மட்டும் மாற்றுவது ஒரு வழி. அந்த மக்களின் பண்பாட்டிலேயே கடவுள் முன்கூட்டி வேலை செய்திருக்கிறார் என்று அங்கிருந்து தொடங்குவது வேறொரு வழி. அநீதியை எதிர்த்துச் செயலில் இறங்கி, அந்தச் செயலிலிருந்து சிந்திப்பது மற்றொன்று. படிக்கப் படிக்க என் ஊர்க்கதை கண்முன்னால் ஓடியது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர்க்காரர்களைத் துணைக்கு வைத்துச் செபங்களைத் தமிழாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, அன்றீக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலை அச்சிட்டது, 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி மரக்கறி உணவுக்கு மாறியது எல்லாம் சின்ன வயதில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவை. அவற்றை இறையியல் முயற்சிகளாக, பலமும் குறையும் எடை போட்டுப் பார்க்கக் கற்றுத் தந்தது சிகாகோ. நோபிலியின் வழியில் சாதிக்குக் கொடுத்த இடத்தைப் பற்றி வகுப்பில் காரசாரமாகப் பேசினோம். அவரை மதித்துக்கொண்டே அதைக் கேள்வி கேட்க முடிந்தது.

இதே பள்ளியின் இன்னொரு ஆசிரியர், 2021-இல் மறைந்த ராபர்ட் ஷ்ரைட்டர். ஒப்புரவைப் பற்றி அவர் எழுதியவை உலகம் முழுவதும் படிக்கப்படுகின்றன. ஒப்புரவு கடவுளின் வேலை, அது பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்குகிறது, அவரை அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்பது அவர் சொல்வதன் சாரம். அவரைப் படித்த வாரம்தான் எங்கள் பங்கில் வழக்கமாகப் பின்வரிசையில் உட்காரும் யாழ்ப்பாணத்து அன்ரி, பூசை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, மன்னிக்கச் சொல்லி எல்லாரும் எங்களிட்டத்தான் கேக்கினம். செஞ்சவங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல."

"நீங்க அவசரப்பட வேண்டாம் அன்ரி. முதல்ல நடந்ததைச் சொல்லுங்க, நான் கேக்குறேன்."

அன்று கோவில் பூட்டும்வரை பேசினார். பகுதிநேரமாகப் படிப்பதில் இருக்கும் பாக்கியம் இதுதான். புத்தகம் செவ்வாய்க்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து நிற்கும். முழுநேரமாக இரண்டு வருடத்தில் ஓடி முடித்திருந்தால் ஷ்ரைட்டரைப் படித்திருப்பேன், அன்ரியைத் தவறவிட்டிருப்பேன்.

இந்தப் படிப்பில் வரும் மருத்துவமனைப் பயிற்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. நோயாளிகளோடு இருக்கப் பழக்கும் இந்த முறையை 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன் என்ற போதகர். அவரே மனநோயாளியாக அடைபட்டு மீண்டவர். ஏட்டைப் படிப்பது போல மனிதர்களையும் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் எங்கள் பக்கத்து எல்ஜின் மருத்துவமனைக்கு வந்து அங்கேயே இருந்தார். ஒரு முழுப் பயிற்சி 400 மணி நேரம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைப் பல மாதங்களுக்குப் பரப்பித் தருகிறார்கள். நோயாளியோடு நடந்த பேச்சை, பெயர் விவரம் நீக்கி, நாடகம் போல வரிக்கு வரி எழுதிவர வேண்டும். மௌனம் எத்தனை நேரம், கண் எங்கே போனது என்பதும் அதில் இருக்க வேண்டும். குழுவாக உட்கார்ந்து அதை வாசிப்போம். வியட்நாமியத் தம்பி எழுதிவந்ததில், நோயாளி தன் மகனைப் பற்றிச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பினார் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பேசியது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்! ஒரு மனிதர் மேல் அவ்வளவு கவனம் வைக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஒரு ராத்திரி, தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த இடத்தில் பக்கவாதம் வந்த பெரியவர். திருநெல்வேலிப் பக்கம். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. என்னைப் பார்த்ததும், "தாயி, கொஞ்சம் துன்னூறு கிடைக்குமா?" என்றார். லெமான்ட்டில் இருக்கும் இந்துக் கோவிலுக்குப் போகிற ஒரு தோழியை எழுப்பிச் சொன்னேன். விடியும்போது கொண்டு வந்துவிட்டாள். நெற்றியில் பூசிவிட்டது நான். கிறிஸ்தவம் அல்லாத சமயங்களை மதிக்கச் சொல்லும் வத்திக்கான் சங்க ஏட்டை (1965 அக்டோபர் 28-இல் வெளியானது) வகுப்பில் அலசியிருந்தோம். அது எதற்காக எழுதப்பட்டது என்று அந்த விடியற்காலையில் முழுசாக விளங்கியது.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1983-இல் வெளியான திருஅவைச் சட்டத் தொகுப்பின் 229-ஆம் சட்டம், பொதுநிலையினருக்குத் திருஅவைப் பல்கலைக்கழகங்களில் இறையியல் படிக்கவும் பட்டம் பெறவும் உரிமை உண்டு என்றும், தகுதி இருந்தால் அதைக் கற்பிக்கும் பொறுப்பையும் பெறலாம் என்றும் சொல்கிறது. உரிமை! யாரும் பெரிய மனது பண்ணித் தருகிற சலுகை கிடையாது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அமெரிக்க ஆயர்கள் 2005-இல் வெளியிட்ட ஏடு ஒரு படி மேலே போய், பங்குகளில் பணியாற்றும் பொதுநிலையினருக்கு மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்று நான்கு தளங்களிலும் பயிற்சி வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அன்பியக் கூட்டம் நடத்துகிற, மறைக்கல்வி எடுக்கிற, வாசகம் வாசிக்கிற ஆயிரமாயிரம் பெண்களுக்கு இந்தப் பயிற்சி கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை. நமக்கு இது புதிதும் இல்லை. வத்திக்கான் சங்கம் முடிந்த சூட்டோடு, 1967-இல் பெங்களூரில் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு தேசிய மையத்தைத் தொடங்கி வைத்தவர் நம்முடைய அமலோற்பவதாஸ் அடிகளார்தானே!

செலவும் நேரமும்தான் எல்லோரும் முதலில் கேட்பது. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் எடுத்தால் இரண்டையும் தாங்கலாம். படிப்புதவி உண்டு. பங்கும் மறைமாவட்டமும் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்பது பல இடங்களில் வழக்கம். வகுப்பு நாளில் என் வீட்டுக்காரர் சமையலைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகள் அவரோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தார்கள். வீடு நன்றாகவே நடந்தது.

மறைக்கல்வி ஆசிரியராக இருக்கிறீர்களா, பாடகற்குழுவில் இருக்கிறீர்களா, நோயாளிகளைப் பார்க்கப் போகிறவரா, கேள்விகள் நிறைய வைத்திருப்பவரா? இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், எங்கே படிக்கலாம் என்று. அவர் தயங்கினால் 229-ஆம் சட்டத்தைச் சொல்லுங்கள். முதல் பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் போதும். பழைய ஏற்பாட்டில் தொடங்குங்கள்.