தடிப்பை வாசித்தல்: குழந்தைகளும் காசநோயும்

அமெரிக்காவில் எமது குழந்தைகளின் காசநோய்ச் சோதனை குறித்து எம்மவரிடையே இருவகை எதிர்வினைகளையே காணமுடிகிறது. முன்கையில் எழும் தடிப்பைத் தீர்ப்பாக எண்ணி அஞ்சுவது ஒன்று. "ஊரில பி.சி.ஜி. போட்டது, அதுதான் தடிக்குது" என்று உதறிவிடுவது மற்றது. இரண்டும் சோதனையைத் தவறாக வாசிப்பவை.

1890இல் றொபேர்ட் கொக் ரியூபர்குலினைக் காசநோய்க்கான மருந்தாக அறிவித்தார், அது தோற்றது. 1907இல் வியன்னாவில் பிர்கே அதனையே குழந்தைகளின் தோலில் இட்டு, நோயறியும் கருவியாக்கினார். அக்கருவி அளப்பது நோயை அல்ல, உடலின் ஞாபகத்தை. கிருமியை ஒருமுறை சந்தித்த ரி கலங்கள் அதை நினைவில் வைத்திருக்கின்றன. இந்த ஞாபகம் சோதனையில் தெரியவர எட்டுப் பத்து வாரங்கள் செல்லலாம். போசாக்கற்ற குழந்தையிடமும், கிருமி மூளையுறைக்குப் பரவிய குழந்தையிடமும் சோதனை ஊமையாகிவிடக்கூடும். எனவே, 'இல்லை' என்ற முடிவு குழந்தையை விடுவித்துவிடுவதில்லை.

அமெரிக்க அளவுகோலின்படி, நோயாளியுடன் நெருங்கியிருந்த குழந்தைக்கு 5 மில்லிமீற்றர் தடிப்பே போதும். நோய் பரவலாக உள்ள நாட்டிலிருந்து அண்மையில் வந்த குழந்தைக்கு 10. ஆபத்தேதுமற்ற, நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கு 15. இதனைப் பாரபட்சம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தோல் தனித்துப் பேசாது, வாழ்ந்த சூழலோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதற்கான ஒப்புதலே இது.

2018 முதல், நோய்ப்பரவல் கூடிய நாடுகளிலிருந்து குடியேறும் 2 முதல் 14 வயதுவரையான குழந்தைகளுக்குத் தோல் சோதனைக்குப் பதிலாக இரத்தச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. பி.சி.ஜி.யில் இல்லாத புரதங்களைக் கொண்டு செய்யப்படுவதால், தடுப்பூசியால் வரும் குழப்பம் இதில் இல்லை. ஆயினும் உறங்கும் தொற்றையும் எழுந்த நோயையும் இதனாலும் பிரித்தறிய முடியாது.

'ஊசி போட்டாயிற்று' என்ற நிம்மதியும் ஆய்வுக்குரியது. 1968இல் செங்கல்பட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய பரிசோதனையின் பதினைந்தாண்டு முடிவு 1999இல் வெளியானது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. அங்கு பாதுகாப்பளிக்கவில்லை. சிறு குழந்தைகளை மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து காப்பதே அதன் பலம். தமிழ் மண்ணில் பெறப்பட்ட இந்த அறிவு எம்மவர் பேச்சில் இடம்பெறவேயில்லை.

குடிவரவு விதியின் ஓட்டையையும் சுட்டவேண்டும். மருத்துவப் பரிசோதனை அகதிக்கும் நிரந்தரமாகக் குடியேறுபவருக்கும் கட்டாயம். தற்காலிக வேலை விசாவில் வரும் மென்பொருள் பொறியியலாளருக்கும், எடிசனிலோ பிறீமொன்ரிலோ டலஸிலோ பேரக்குழந்தையைப் பார்க்க வரும் தாத்தாவுக்கும் பொதுவாக இல்லை. சந்தேகம் விசாவின் வகையைப் பார்த்தே எழுகிறது. அங்கு பிறந்த குழந்தை எந்தப் பரிசோதனைக்கும் உட்படாமலே தொற்றுக்குள்ளாகலாம்.

குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது. அவர்கள் உடலில் கிருமிகளும் குறைவு. மூன்று காலைகள் வெறுவயிற்றில் இரைப்பை நீரை எடுத்துச் சோதித்தாலும் கிருமி பலரிடம் அகப்படுவதில்லை. ஆகவே வைத்தியரின் முதன்மையான தடயம் ஒரு கேள்விதான்: வீட்டில் நாட்பட இருமும் பெரியவர் யார்?

எமது சமூகம் மறைப்பது இக்கேள்விக்கான பதிலையே. சயரோகம் என்றால் சம்பந்தம் குழம்பும், விசா போகும் என்ற பயத்தில் மாமாவின் இருமல் 'அலர்ஜி'யாகிறது. அந்த மௌனத்தின் விலையைக் கைக்குழந்தை கொடுக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் தொற்று விரைவில் நோயாகும். இந்த வெட்கத்துக்கு இன்று எந்த நியாயமுமில்லை. உறங்கும் தொற்றுக்கு நான்கு மாத ரிபாம்பிசின் போதும். கடுமையற்ற நோயுள்ள குழந்தைகளுக்கும் நான்கு மாதச் சிகிச்சை போதுமென, சென்னையையும் ஒரு களமாகக் கொண்ட ஷைன் ஆய்வு 2022இல் காட்டியது.

அரசின் விதிகளை நாம் விமர்சிப்போம். அதே நேர்மையுடன் வைத்தியர் முன்னிலையில் மாமாவின் இருமலையும் சொல்வோம்.