கட்டைவிரல் விழுந்த படம்

புகைப்படம் நம் மனத்தை எப்படித் தொடுகிறது? இலக்கியக்காரர்களும் உளவியலாரும் அரை நூற்றாண்டாக இதைத் துருவிவருகிறார்கள். அவர்கள் சொன்னதை உரைத்துப் பார்க்க, புகைப்படக் கலைஞர் டோரதியா லேங்கின் ‘புலம்பெயர் தாய்’ படத்தைவிட நல்ல உரைகல் இல்லை.

1936 மார்ச், கலிபோர்னியாவின் நிப்போமோ. பட்டாணி பறிக்க வந்து, பனியில் பயிர் கருகியதால் வேலையின்றி முடங்கிய கூலிகளின் முகாம். லேங்க் முதலில் தள்ளி நின்று கூடாரத்தை எடுத்தார். பிறகு மெல்ல மெல்ல நெருங்கினார். புகழ்பெற்ற அந்தப் படத்தில் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. அவர் கை கன்னத்தருகே. பார்வை நம்மைத் தாண்டி எங்கோ. பிள்ளைகளின் முகம் தெரிந்திருந்தால் கண் அங்கே ஓடியிருக்கும். இப்போதோ அந்த நெற்றிச் சுருக்கத்தைவிட்டு நகர மறுக்கிறது. இந்தச் சோகம் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. அதனாலேயே பொய் என்று சொல்லிவிட முடியாது.

இப்படிப்பட்ட பாதிப்பை அளக்க முயன்றவர்கள் உளவியலார். புளோரிடா பல்கலைக்கழகத்தில் பீட்டர் லாங் குழுவினர் தொகுத்த படவரிசையில் பாம்பு, துப்பாக்கி, சிதைந்த உடல், சிரிக்கும் மழலை எல்லாம் உண்டு. இனிக்கிறதா கசக்கிறதா, மனம் அமைதியாக இருக்கிறதா படபடக்கிறதா என்று பார்ப்பவர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். அதிர்ச்சியை அளக்க நல்ல கருவிதான். ஆனால் கையில் மிஞ்சுவது சராசரி. ஒரே ஒருவரை மட்டும் உலுக்கிய படம் அதில் காணாமல் போகும்.

பிரெஞ்சு இலக்கியத் திறனாய்வாளர் ரோலண்ட் பார்த் பேசியது அந்த ஒருவரைப் பற்றி. தாய் இறந்த துக்கத்தில் எழுதி 1980இல் வெளிவந்த நூலில், எடுத்தவர் நினைக்காமலே படத்தில் விழுந்து நம்மைத் தைக்கும் சிறு விவரத்தைப் பற்றிச் சொன்னார். தாயின் ஐந்து வயதுப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. நமக்கு அது இன்னொரு பழைய படம், அவ்வளவுதான்.

லேங்கின் படத்திலும் அப்படியொன்று விழுந்திருந்தது: வலப்பக்கக் கீழ்மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கட்டைவிரல். அதைக் குறையாக நினைத்து, பின்னர் நெகட்டிவிலேயே மங்கவைத்துவிட்டார். எனக்கென்னவோ விரல் உள்ள பிரதிதான் பிடிக்கும். அத்தனை அடக்கமாக அமைந்த சட்டகத்துக்குள் போஸ் கொடுக்காதது அது ஒன்றுதான்.

வதைப்படங்களைப் பார்க்கப் பார்க்க மனம் மரத்துப்போகும் என்று 1977இல் எழுதிய அமெரிக்கக் கட்டுரையாளர் சூசன் சொன்டாக், 2003இல் தானே அதைச் சந்தேகித்தார். இந்த விவாதமெல்லாம் பெரும்பாலும் பார்ப்பவரைச் சுற்றியே நடக்கிறது; படத்தில் இருப்பவரிடம் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. லேங்கின் படத்தில் இருப்பவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடிப் பெண். 1970களின் இறுதியில்தான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. படத்தால் தனக்குச் சல்லிக்காசு வரவில்லை என்று குறைப்பட்டார். 1983இல் அவர் நோயில் விழ, பிள்ளைகள் உதவி கேட்டார்கள். சுமார் 35,000 டாலரும், அந்தப் படம் தங்களை என்ன செய்தது என்று சொல்லும் கடிதங்களும் வந்து குவிந்தன. அதுவரை படத்தைச் சாபமாக நினைத்திருந்த குடும்பத்துக்கு, அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் பெருமை வந்தது என்றார் மகன்.